பார்ஃபே சாப்பிட்டும் பத்தரை மணிக்கே பசிக்கிறது, ஏன்?

வாசகி ஒருவரின் நீண்ட கடிதத்திலிருந்து: அவருக்கு வயது 36, எடை 68 கிலோ. சென்னையில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை. மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.9 வந்திருக்கிறது. தைராய்டு குறைபாட்டுக்குத் தினமும் லெவோதைராக்சின் மாத்திரை சாப்பிடுகிறார். இட்லி, தோசை சர்க்கரையை ஏற்றும் என்று கேள்விப்பட்டு, இரண்டு மாதமாகக் காலை உணவைத் தயிர் பார்ஃபேவுக்கு, அதாவது தயிரும் பழமும் தானியமும் அடுக்கடுக்காகப் போட்ட டம்ளருக்கு, மாற்றியிருக்கிறார். கடையில் வாங்கும் ஸ்ட்ராபெரி தயிர் 100 கிராம், ஒரு வாழைப்பழம், 60 கிராம் கிரனோலா (இனிப்புச் சேர்த்து வறுத்த ஓட்ஸ் கலவை), மேலே ஒரு மேசைக்கரண்டி தேன். ஏழேகாலுக்குச் சாப்பிட்டால் பத்தரைக்குள் வயிற்றைக் கிள்ளுகிறது. கேன்டீனில் டீயும் பிஸ்கெட்டும். எடையும் இறங்கவில்லை. அலுவலகத்துக்கு எடுத்துப்போனால் தண்ணீர் விட்டு, கிரனோலா நமுத்துப்போகிறது. "தயிரும் பழமும் சேர்ந்தால் விஷம்" என்கிறார் மாமியார். விலை கூடிய கிரீக் யோகர்ட்தான் வாங்க வேண்டுமா, நான்கு வயது மகனுக்கும் இதைக் கொடுக்கலாமா என்பவை மற்ற கேள்விகள். கூடவே போகிற போக்கில் ஒரு வரி: "ஏழு மணிக்குத் தைராய்டு மாத்திரை போட்டுக்கொண்டு, கால் மணி நேரத்தில் பார்ஃபே சாப்பிட்டுக் கிளம்பிவிடுவேன். போன மாதம் டி.எஸ்.எச். (தைராய்டு ஹார்மோன் போதாதபோது ரத்தத்தில் ஏறும் அளவு) கூடியிருக்கிறது என்று டாக்டர் மாத்திரை அளவை ஏற்றிவிட்டார்."

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேள்வியாகக் கேட்காத அந்தக் கடைசி வரிக்கு அவசியம் வருகிறேன். முதலில் உங்கள் டம்ளரில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

பழச்சுவைத் தயிர் 100 கிராமில் புரதம் 3 அல்லது 4 கிராம்தான். கிரனோலாவில் 5 கிராம் வரும், வாழைப்பழத்தில் ஒன்று. ஆக மொத்தம் 10 கிராம் புரதம். சேர்த்த சர்க்கரையோ தயிரில் 8 முதல் 10 கிராம், கிரனோலாவில் ஏறக்குறைய 12, தேனில் 17 என்று 35 கிராமைத் தாண்டிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இப்படிச் சேர்க்கும் சர்க்கரையை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்கிறது. நீங்கள் காலை ஏழரைக்கே அதைத் தாண்டிவிடுகிறீர்கள். கலோரி சுமார் 530. அதாவது நீங்கள் குறைவாகச் சாப்பிடவில்லை. வயிற்றில் நின்று செரிக்கிற பொருளைக் குறைவாகச் சாப்பிடுகிறீர்கள், அவ்வளவுதான்.

தேனைச் சர்க்கரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். சேர்க்கத்தான் வேண்டும். தேன், நாட்டுச் சர்க்கரை, பனங்கருப்பட்டி எல்லாமே உடலுக்குள் போனதும் சர்க்கரைதான். ஹெச்பிஏ1சி 5.7-இலிருந்து 6.4 வரை இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். உங்கள் 5.9 உணவாலும் நடையாலும் இறக்கக்கூடிய எண். அதனால்தான் இந்தத் தேன் விஷயத்தில் விட்டுக்கொடுக்காமல் சொல்கிறேன்.

பார்ஃபேவை எல்லோரும் கிரனோலாவை வைத்துக் கட்டி, தயிரை அதை நனைக்க மட்டும் ஊற்றுகிறார்கள். பசி தாங்க வேண்டுமானால் மற்ற எதையும்விடக் கெட்டித் தயிர்தான் அதிகம் இருக்க வேண்டும். அடியில் ஊறிய நார்ச்சத்து, அதன் மேல் தயிர், பிறகு பழம். மொறுமொறுப்புக்கு ஒரு கைப்பிடி போதும், அதுவும் சாப்பிடும்போது தூவ.

கெட்டித் தயிர்: வாங்க வேண்டாம், வடித்துக்கொள்ளுங்கள்

கிரீக் யோகர்ட் என்பது நீர் வடித்த தயிர். வீட்டிலேயே ஆகும். டோன்டு பாலில் கொழுப்பு 3 சதவீதம், டபுள் டோன்டில் 1.5; புரதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே எந்தப் பால் என்பதைக் கொழுப்பை வைத்து முடிவு செய்யலாம், புரதம் குறையுமோ என்ற கவலை வேண்டாம்.

பால் பொங்கியதும் இறக்கிவிடாமல், சிறு தீயில் இன்னும் பத்து நிமிடம் கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். அந்தச் சூட்டில் பாலின் மோர்ப் புரதம் கேசின் என்ற இன்னொரு பால் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். தயிர் கெட்டியாக உறையும், வடிக்கும்போது புரதமும் அதிகம் வெளியேறாது. விரல் வைத்தால் இதமாகச் சுடும் பதத்துக்கு, அதாவது 40 முதல் 43 டிகிரிக்கு ஆறியதும், அரை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உறைமோர் விடுங்கள். இதைவிடச் சூடாக உறை ஊற்றினால் தயிர் திரிதிரியாகத் தண்ணீர் விட்டு நிற்கும். சென்னை வெயிலில் ஐந்து மணி நேரத்தில் உறைந்துவிடும். உறைந்த உடனே குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். புளித்த தயிரை வடித்தால் புளிப்பு இன்னும் தூக்கலாகத் தெரியும், அப்புறம் தேனைத் தேடுவீர்கள்.

400 கிராம் தயிரை, சோப்பு வாசனை இல்லாத மெல்லிய பருத்தித் துணி விரித்த வடிகட்டியில் கொட்டி, அடியில் ஒரு பாத்திரம் வைத்து, மூடி, குளிர்பெட்டியில் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் விடுங்கள். வெளியே தொங்கவிட்டால் வடிகிற நேரமெல்லாம் புளித்துக்கொண்டே போகும். துணியைப் பிழிய வேண்டாம். பிழிந்தால் தயிரே துணி வழியாக வந்துவிடும். சுமார் 200 கிராம் கிடைக்கும். கரண்டியைக் கவிழ்த்தால் விழாத பதம்தான் அடையாளம். அதில் புரதம் 11 கிராம். வடிந்த நீரைக் கொட்டாதீர்கள், கால்சியத்தின் ஒரு பங்கு அதில்தான் இருக்கிறது. ஒரு பங்கை இதே பார்ஃபேவுக்குப் பயன்படுத்தப் போகிறோம். மிச்சத்தைச் சப்பாத்தி மாவு பிசைய எடுத்துக்கொள்ளலாம்.

கடையில் வாங்கியே ஆக வேண்டிய வாரங்களில், முகப்பில் எழுதியிருக்கும் பெயரைப் பார்க்காமல் டப்பாவைத் திருப்புங்கள். 100 கிராமுக்குப் புரதம் 6 கிராமுக்குக் கீழே இருந்தால் அதற்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பயனில்லை. சேர்மானப் பட்டியல் எடை அதிகமானதில் தொடங்கிக் குறைந்துகொண்டே போகும். சர்க்கரை இரண்டாவது இடத்தில் இருந்தால் அதைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடலாம். ஸ்டார்ச், ஜெலட்டின் சேர்த்துக் கெட்டியாக்கிய தயிர்களும் உண்டு. வாயில் கெட்டியாக இருக்கும், ஆனால் அந்தக் கெட்டித்தன்மை புரதத்தால் வந்ததில்லை.

ஒரு ஆளுக்கான அளவு

முதல் நாள் இரவு ஒரு அகலமான டப்பாவில் ரோல்டு ஓட்ஸ் 25 கிராம், அதாவது குவியாத ஐந்து மேசைக்கரண்டி போடுங்கள். சியா விதை ஒரு மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை ஏலப்பொடி, இரண்டு விரலால் எடுத்த உப்பு. அதில் வடித்த தயிர்நீர் 120 மில்லி ஊற்றிக் கலக்குங்கள். புளிப்பு பிடிக்காவிட்டால் காய்ச்சி ஆறிய பால் விடலாம். பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை கட்டாயம் கலக்க வேண்டும். இந்த இரண்டாவது கலக்கலை விட்டுவிட்டால் சியா அடியில் ஒரே உருண்டையாகத் திரண்டு, உள்ளே காய்ந்த விதையாகவே இருக்கும். பிறகு குளிர்பெட்டியில் வையுங்கள். ரோல்டு ஓட்ஸ் ஏற்கெனவே ஆவியில் வெந்து தட்டப்பட்டது, ஊறினாலே போதும். உடைத்த ஓட்ஸ் ஒரு இரவில் ஊறாது. பாக்கெட்டில் வரும் மசாலா ஓட்ஸ் இதற்கு வேண்டாம்.

காலையில் அதன் மேல் வடித்த தயிர் 200 கிராமைப் பரப்புங்கள். நறுக்கிய கொய்யா 100 கிராம், அதாவது நடுத்தரமாக ஒன்று. சாப்பிடும்போது வறுத்த வேர்க்கடலை 15 கிராம் ஒன்றிரண்டாகத் தட்டித் தூவிக்கொள்ளுங்கள்.

இதில் புரதம் 21 கிராம், நார்ச்சத்து சுமார் 12 கிராம், சேர்த்த சர்க்கரை இல்லை. கலோரி 500-ஐ ஒட்டியே வரும். உங்கள் பழைய டம்ளருக்கும் இதற்கும் கலோரியில் பெரிய வித்தியாசமில்லை என்பதைக் கவனியுங்கள். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 46 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. அதில் கிட்டத்தட்ட பாதி காலையிலேயே கிடைத்துவிடுகிறது. ஊறிய ஓட்ஸும் சியாவும் கொழகொழப்பாகி இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்தும், சர்க்கரையும் மெதுவாக ஏறும். எடைக்காகக் குறைக்க நினைத்தால் ஓட்ஸை 15 கிராமாக்குங்கள், வேர்க்கடலையைப் பாதியாக்குங்கள். தயிரில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இனிப்பே இல்லாமல் தொண்டையில் இறங்காது என்றால் ஒரு பேரீச்சம்பழத்தைப் பொடியாக நறுக்கி இரவே ஓட்ஸோடு ஊறவிடுங்கள். இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும், பிறகு அதையும் விடலாம்.

இவ்வளவு நார்ச்சத்துக்குப் பழகாத வயிறு முதல் வாரம் உப்பும். சியாவை ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, பத்து நாளில் முழு அளவுக்கு வாருங்கள். தண்ணீர் கூடுதலாகக் குடியுங்கள். காய்ந்த சியாவை மேலே தூவிச் சாப்பிடுவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது தொண்டையில் ஊறி அடைத்துக்கொள்ளலாம், வேண்டாம். சியா கிடைக்காவிட்டால் சப்ஜா விதை அதே வேலையைச் செய்யும். ஆளி விதை என்றால் பொடித்துத்தான் போட வேண்டும், முழு விதை அப்படியே வெளியே போய்விடும்.

தண்ணீர் விடுவதும் கசப்பதும்

உறைந்த தயிரைக் கரண்டியால் அடித்தால் அதன் பிடிப்பு உடைந்து நீர் பிரியும். பழத்தின் மேல் சர்க்கரையோ தேனோ பட்டால் பழச்சாறு வெளியே இழுக்கப்படும். கழுவிய பழத்தைத் துடைக்காமல் நறுக்கினாலும் இதே கதைதான். ஈரம் மேலேயிருந்து கீழே இறங்கும் என்பதால், அதை உறிஞ்சும் ஓட்ஸ், சியா அடுக்கு அடியில் இருக்க வேண்டும். வேர்க்கடலையைத் தனிச் சிறு டப்பாவில் எடுத்துப்போங்கள். ஏற்கெனவே வாங்கிய கிரனோலா வீட்டில் இருந்தால் வீணாக்க வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி மட்டும், வேர்க்கடலைக்குப் பதிலாக, அதே தனி டப்பாவில்.

பப்பாளி, அன்னாசி, கிவி மூன்றிலும் புரதத்தை வெட்டும் நொதிகள் இருக்கின்றன. தயிரோடு சேர்த்து இரவு முழுக்க வைத்தால் பால் புரதம் துண்டுதுண்டாகிக் கசக்கும், தயிரும் இளகிவிடும். சாப்பிடும் நேரத்தில் சேர்த்தால் ஒன்றும் ஆகாது. கொய்யா, மாதுளை, ஆப்பிள், பேரிக்காய் பத்திரமானவை. மாம்பழப் பருவத்தில் நான்கு துண்டு போட்டுக்கொள்ளலாம். சர்க்கரையைப் பொறுத்தவரை உங்களுக்கு அதுவே எல்லை.

அலுவலகத்தில் குளிர்பெட்டி இல்லையென்றால், பையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஏப்ரல், மே வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம். உறைந்த ஜெல் பாக்கெட்டோடு எடுத்துப்போனால் இந்தக் கவலை குறையும்.

மாமியார் சொல்வது

தயிரையும் பழத்தையும் சேர்க்கக் கூடாது என்பது ஆயுர்வேதத்தில் விருத்த உணவு, அதாவது ஒன்றுக்கொன்று ஒவ்வாத உணவு, என்ற கணக்கில் பழைய காலத்திலிருந்தே வருவது. உங்கள் அத்தை அதைத் தானாகக் கற்பனை செய்து சொல்லவில்லை. ஆனால் இன்றைய சத்துணவு அறிவியல் இந்தச் சேர்க்கையில் எந்த நச்சையும் காட்டவில்லை. சிலருக்கு வயிறு உப்புவது உண்மை. பெரும்பாலும் அது பால் சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காததால் வருவது. வடித்த தயிரில் அதில் ஒரு பங்கு நீரோடு போய்விடுவதால் பலருக்கு ஒத்துக்கொள்ளும். அப்படிப்பட்டவர்கள் ஓட்ஸை வடித்த நீரில் ஊறவைக்காமல் வெறும் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். வீட்டில் இதற்காகச் சண்டை வேண்டாம். அத்தைக்குப் பழமும் தேனும் போடாமல், வேர்க்கடலையும் வெள்ளரியும் சேர்த்து, கடுகு, கறிவேப்பிலை தாளித்து ஒரு கிண்ணம் கொடுத்துப் பாருங்கள். அதே சத்து, அவர் மனம் ஒப்பும் சுவை.

இட்லியை விட்டுவிட வேண்டியதில்லை. மூன்று இட்லியும் ஒரு கிண்ணம் கெட்டியான பருப்புச் சாம்பாரும் நல்ல காலை உணவு. அது உங்கள் பழைய பார்ஃபேவைவிட எவ்வளவோ மேல். சாம்பாரைத் தண்ணீராக வைத்து, ஆறு இட்லியைத் தேங்காய்ச் சட்னியோடு சாப்பிடும்போதுதான் கணக்கு கெடுகிறது. உங்கள் உடம்புக்கு எது ஒத்துவருகிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் ஒரு நாள் இட்லி, ஒரு நாள் இந்தப் பார்ஃபே சாப்பிட்டு, முதல் வாய் எடுத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். 140-க்குள் நிற்கிற உணவு உங்களுக்கு ஏற்றது. இரண்டுமே நின்றால் மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள், தினமும் பார்ஃபே என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

தைராய்டு மாத்திரை: தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்

லெவோதைராக்சினை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு போட்டு, 30 முதல் 60 நிமிடம் கழித்தே சாப்பிட வேண்டும். பாலிலும் தயிரிலும் உள்ள கால்சியம் மாத்திரை உறிஞ்சப்படுவதைக் குறைக்கும், நார்ச்சத்தும் குறைக்கும். நீங்கள் கால் மணி நேரத்தில் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுகிறீர்கள். பார்ஃபே தொடங்கி இரண்டு மாதம், டி.எஸ்.எச். கூடியது போன மாதம். இதுதான் காரணம் என்று கடிதத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் சந்தேகப்பட வேண்டிய காரணம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மருத்துவர் அளவை ஏற்றியபோது இந்தக் கால் மணி நேரக் கதை அவருக்குத் தெரியாது. இப்போது நீங்கள் இடைவெளியைச் சரிசெய்தால், ஏற்றிய அளவு முழுவதும் உடம்பில் சேரும். அது தேவைக்கு மேலாகப் போய்ப் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, அதிகப் பசி என்று காட்டலாம். எனவே இடைவெளியை மாற்றும் முன் உங்கள் மருத்துவரைத் தொலைபேசியிலாவது கூப்பிட்டு, "மாத்திரைக்கும் தயிருக்கும் கால் மணி நேரம்தான் இடைவெளி விட்டேன், இனி ஒரு மணி நேரம் விடப்போகிறேன், அளவு இதேதானா?" என்று கேளுங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. மாற்றியதிலிருந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். மறுபடி பார்க்கச் சொல்வார்.

நடைமுறையில் இரண்டு வழி. விழித்ததும், ஆறு மணிக்கே மாத்திரையைப் போட்டுவிட்டு ஏழேகாலுக்குச் சாப்பிடலாம். அல்லது ஏழு மணி மாத்திரையை அப்படியே வைத்துக்கொண்டு, பார்ஃபேவை டப்பாவில் எடுத்துப்போய் அலுவலகத்தில் எட்டரைக்குச் சாப்பிடலாம். உங்கள் பத்தரை மணிப் பசிக்கு இரண்டாவது இன்னும் வசதி, மதியம் வரை தூரமும் குறைகிறது. காப்பியும் இந்த இடைவெளிக்குள் வரக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரையோ கால்சியம் மாத்திரையோ சாப்பிட்டால், தைராய்டு மாத்திரையிலிருந்து அவற்றுக்கு நான்கு மணி நேரம் தள்ளியிருக்க வேண்டும். இரும்பு மாத்திரையைத் தயிரோடும் சேர்க்காதீர்கள்.

மகனுக்கு

தாராளமாகக் கொடுக்கலாம். உங்கள் அளவில் பாதிக்கும் குறைவாக, தயிர் 80 கிராம், ஊறிய ஓட்ஸ் ஒரு மேசைக்கரண்டி, சியா அரைத் தேக்கரண்டி. குழந்தைக்கு நீர் வடிக்காத சாதாரணத் தயிரே போதும், கால்சியம் முழுதாகக் கிடைக்கும். ஐந்து வயது வரை வேர்க்கடலை, பாதாம் எதையும் முழுதாகவோ துண்டாகவோ கொடுக்காதீர்கள், மூச்சுக்குழலில் சிக்கும். நைசாகப் பொடித்துக் கலந்துவிடுங்கள். திராட்சை என்றால் நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள், கொய்யாவின் கெட்டி விதைப்பகுதியை எடுத்துவிடுங்கள். வீட்டில் ஒரு வயது நிரம்பாத குழந்தை வேறு இருந்தால், அதன் வாயில் தேன் ஒரு துளிகூடப் படக் கூடாது. பொட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சுத்தன்மை வரக்கூடும்.

மருத்துவரிடம் பேசியபின், மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி-யை மறுபடி பாருங்கள். அந்த எண்ணையும், பத்தரை மணி டீக்கு இன்னும் பிஸ்கெட் தேவைப்படுகிறதா என்பதையும் எழுதுங்கள்.